பெங்களூரின் உயரத்தில் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ்: பல ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

சொந்தமாகக் கட்டும் இரண்டு இருக்கை விமானத்துக்கு எஞ்சின் தேடுகிறவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனையும் விலையையும்தான் ஒப்பிடுகிறார்கள். பெங்களூரிலிருந்து பறப்பவர்கள் அதற்கு முன்பே இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும்: கோடை நடுப்பகலில் இந்த எஞ்சின் எவ்வளவு சக்தி தரும்? இங்கே கிடைக்கும் எரிபொருள் இதற்கு ஒத்துவருமா? பெங்களூரின் ஜக்கூர் விமானத் தளத்தில் நண்பர்களோடு சேர்ந்து கட்டிய விமானத்தில் ரோட்டாக்ஸ் 912 யூஎல்எஸ் எஞ்சினைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

ஜக்கூர் ஓடுபாதை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஏப்ரல் மாதத்தில் வெப்பநிலை 35 டிகிரியைத் தொடும்போது, காற்றின் அடர்த்தி 6,000 அடி உயரத்தில் இருப்பதைப் போல ஆகிவிடும். டர்போ (காற்றை அழுத்தி ஊட்டும் கருவி) இல்லாத எந்த எஞ்சினும் அந்த நிலையில் தன் சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை இழக்கும் என்பதால், 912 யூஎல்எஸ்ஸை 100 குதிரைத்திறன் என்று வாங்கினாலும் புறப்படும்போது 80-ஐ ஒட்டித்தான் கிடைக்கும். இதனாலேயே இதன் தம்பியான 80 குதிரைத்திறன் 912 யூஎல்லை நாங்கள் ஒதுக்கினோம். நாங்கள் பரிசீலித்த ஜபிரு 2200 எளிமையான எஞ்சின். கியர்பாக்ஸ் கிடையாது, நிமிடத்துக்கு 3,300 சுழற்சியில் 85 குதிரைத்திறன் தரும். ஆனால் முழுக்க முழுக்கக் காற்றால் குளிர்வதால், வெயிலில் நீண்ட நேரம் மேலேறும்போது சிலிண்டர் ஹெட்டின் (சிலிண்டரின் தலைப்பகுதி) வெப்பத்தைக் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். லைகாமிங் ஓ-235 நம்பகமானது என்றாலும் 100 கிலோவுக்கு மேல் எடையுள்ளது. எங்கள் சட்டகம் அதைத் தாங்காது.

912-இல் சிலிண்டர்களைக் காற்றும் ஹெட்களைக் குளிர்திரவமும் குளிர்விக்கின்றன. கோடையில் முழு எடையோடு ஏறும்போது இந்த அமைப்பின் அருமை தெரியும். புறப்படும்போது 5,800 சுழற்சி, அதுவும் ஐந்து நிமிடத்துக்கு மட்டும். பிறகு 5,500-க்குள் வைத்துக்கொள்ள வேண்டும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு இந்த வேகம் அச்சம் தரும். ஆனால் 2.43-க்கு 1 என்ற கியர் குறைப்பினால் ப்ரொப்பெல்லர் 2,400-ஐ ஒட்டியே சுழல்கிறது.

எரிபொருள்தான் பெரிய தலைவலி. இந்த எஞ்சினுக்குக் குறைந்தது 95 ஆக்டேன் வேண்டும். எத்தனால் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. நாட்டின் பங்க்குகளில் இப்போது கிடைக்கும் வழக்கமான பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. உயர் ஆக்டேன் பெட்ரோல் வாங்கினாலும் சோதிக்காமல் தொட்டியில் ஊற்றுவதில்லை. அளவுக்கோடு போட்ட குழாயில் 10 மில்லி தண்ணீரும் 90 மில்லி பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி வைத்தால், எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கும். அடியிலுள்ள மட்டம் 10-ஐத் தாண்டி உயரும். எங்கள் மெக்கானிக் அண்ணன் குழாயை வெளிச்சத்தில் பிடித்து, “சார், கோடு ஏறிடுச்சு, இது நம்ம எஞ்சினுக்கு வேணாம்” என்று சொல்லிவிட்டால் அந்தக் கேன் கார்களுக்குப் போய்விடும். மாற்று வழி அவ்கேஸ் 100எல்எல் என்ற விமானப் பெட்ரோல். 2022 முதல் இந்தியன் ஆயில் அதை உள்நாட்டிலேயே தயாரிக்கிறது. அதிலுள்ள ஈயம் ஸ்பார்க் பிளக்கிலும் ஆயில் தொட்டியின் அடியிலும் சாம்பல் நிறப் படிவாகச் சேரும் என்பதால், ஆயிலை 100 மணி நேரத்துக்குப் பதிலாக 50 மணி நேரத்திலேயே மாற்றிவிடுகிறோம். ஆயில் செலவு கூடுவது உண்மைதான், ஆனாலும் என் கருத்தில் எத்தனாலைவிட ஈயம் சமாளிக்கக்கூடியது.

பராமரிப்பில் பொறுமை வேண்டும். ஆயில் அளவு பார்க்கும் முன், இக்னிஷன் அணைந்திருப்பதை உறுதிசெய்துகொண்டு, ப்ரொப்பெல்லரைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும்; தொட்டியில் களகளவென்று ஏப்பச் சத்தம் கேட்ட பிறகே அளவுகோல் உண்மையைச் சொல்லும். ஆயிலிலுள்ள உலோகத் துகள்களைப் பிடிக்கும் காந்தப் பிளக்கைக் கழற்றினால் மெல்லிய கரும்பசை இருப்பது இயல்பு, உலோகச் செதில் தெரிந்தால் பறக்கக் கூடாது. இரண்டு கார்புரேட்டர்களும் சற்றே ஒத்திசைவு தவறினாலும் ஐடிலில் விமானம் முழுவதும் நடுங்கும், கியர்பாக்ஸும் அடிவாங்கும். அதை ஒவ்வொரு சர்வீஸிலும் சரிபார்க்கிறோம்.

வாங்க நினைப்பவர்கள் ஒரு செலவை முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்: எரிபொருள், ஆயில், குளிர்திரவக் குழாய்கள் உள்ளிட்ட ரப்பர் பாகங்கள் அனைத்தையும், எவ்வளவு குறைவாகப் பறந்திருந்தாலும், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வந்து சேரத் தாமதமாகும் என்பதால், கெடு முடிவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே நாங்கள் ஆர்டர் கொடுத்துவிடுகிறோம்.