இன்குபேட்டருக்கு எந்தத் தெர்மிஸ்டர்: கண்ணாடி மணியா, எவர்சில்வர் உறையா?

நாட்டுக்கோழி முட்டைக்காகத் தெர்மாகோல் பெட்டியில் ஒரு இன்குபேட்டர் கட்டினேன். சூடு 37.5 டிகிரியில் நிற்க வேண்டும். முதலில் மாட்டியது எவர்சில்வர் உறைக்குள் அடைத்து ஒயரோடு வரும் 10 கிலோ ஓம் என்டிசி, அதாவது சூடு ஏற ஏற மின்தடை குறையும் தெர்மிஸ்டர். தண்ணீரில் விழுந்தாலும் கவலையில்லை, உறுதியில் அதை மிஞ்ச முடியாது. ஆனால் குண்டு பல்பு எரிந்து காற்று சூடான பிறகும் அது 36 என்றே காட்டிக்கொண்டிருந்தது. பல்பு அணைவதற்குள் பக்கத்தில் வைத்திருந்த காய்ச்சல் தெர்மாமீட்டர் 39ஐத் தாண்டிவிட்டது.

16 ரீடிங் எடுத்துச் சராசரி போடுவதால்தான் தாமதம் என்று முதலில் நினைத்தேன். இல்லை. இதை இயக்கும் ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கன்ட்ரோலர் போர்டில் ஒரு ரீடிங்குக்கு 0.1 மில்லிசெகண்டு சொச்சம்தான், பதினாறும் சேர்ந்து 2 மில்லிசெகண்டைத் தொடாது. தாமதம் முழுக்க அந்த உறையிலும் உள்ளே அடைத்த பசையிலும் இருக்கிறது. டிஎஸ்18பி20 என்ற டிஜிட்டல் சென்சார் போடலாமே என்பார்கள். அதுவும் பெரும்பாலும் அதே குழாய்க்குள்தான் வருகிறது.

குண்டூசித் தலை அளவுள்ள கண்ணாடி மணிக்குள் அடைத்த தெர்மிஸ்டருக்கு மாறினேன். காற்று மாறினால் உடனே தெரிகிறது. சிக்கலும் அந்தச் சின்ன உருவத்தில்தான். 10 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு சேர்த்து 5 வோல்ட்டிலேயே விட்டுவைத்தால், 37.5 டிகிரியில் மணிக்குள் 0.6 மில்லிவாட் அளவுக்கு எரிகிறது. அசையாத காற்றில் இவ்வளவு சின்ன மணி ஒரு மில்லிவாட்டுக்கே ஏறத்தாழ ஒரு டிகிரி சூடேறிவிடும், ஆக அரை டிகிரிக்கு மேல் பொய் சொல்லும். வழி எளிது: 5 வோல்ட் பின்னிலிருந்து எடுக்காமல் ஒரு டிஜிட்டல் பின்னிலிருந்து கரண்ட் கொடுங்கள், ரீடிங் எடுக்கும்போது மட்டும். நொடிக்கு 5 மில்லிசெகண்டு போதும், மணி சூடேற நேரமே இருக்காது.

அப்புறம் ரெசிஸ்டரில் 1 சதவீதப் பிசகு என்றால் கால் டிகிரி போச்சு. அதனால் மணியை மெல்லிய பாலிதீனில் சுற்றி, காய்ச்சல் தெர்மாமீட்டரோடு வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து வித்தியாசத்தைப் புரோகிராமில் கழித்துக்கொண்டேன்.

இரண்டு அடைதான் வைத்திருக்கிறேன், 21 நாள் வீதம். மணியின் கால் கம்பிகளுக்குச் சுருங்கும் ஸ்லீவ் போட்டும் ஈரத்தில் எத்தனை மாதம் தாங்கும் என்று இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன். தண்ணீர்த் தொட்டி சூடு பார்க்கவென்றால் யோசிக்காமல் எவர்சில்வர் வாங்குங்கள்.

பழைய எவர்சில்வர் புரோப் இப்போது முட்டைகளுக்கு நடுவில் கிடக்கிறது. முட்டையும் மெதுவாகத்தான் சூடேறும், அதனால் அது காட்டும் எண்ணைப் பார்ப்பதோடு சரி, பல்பைத் தொட விடுவதில்லை.