சர்வர் ஆன் ஆயிடுச்சு, மெயில் வரலை: கோவை சர்வீஸ் சென்டர் ஒன்றைப் பற்றி

திருப்பூரில் எங்களுடையது சின்ன பனியன் ஏற்றுமதி கம்பெனி. மெயில் சர்வர் ஆபீஸிலேயே இருக்கிறது. டெபியன் லினக்ஸ், அதன் மேல் மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ், வந்த மெயிலை ஒவ்வொருவருக்கும் எடுத்துக் காட்டும் டவ்காட். பழைய மெஷின் திணற ஆரம்பித்ததால் மதர்போர்டு, பிராசஸர், ரேம் மாற்றி, ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புது என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி.க்கு (வேகமான புது வகை டிஸ்க்) குளோன் செய்யும், அதாவது அப்படியே நகலெடுக்கும் வேலையைக் கோவையில் ஒரு சர்வீஸ் சென்டரிடம் கொடுத்தோம். கடைப் பெயரைப் போடப்போவதில்லை.

ஹார்டுவேர் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேபிளை எல்லாம் ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள். மெயில் இருக்கும் பெரிய ஹார்டு டிஸ்க்கைத் தொடவில்லை. ரேட்டும் நியாயம்தான்.

ஆனால் ஸ்கிரீனில் லாகின் வந்ததுமே வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இவர்கள். வந்த சீனியர் பில்லை நீட்டும்போது சர்வருக்குப் பிங் கூட, அதாவது நெட்வொர்க்கில் 'இருக்கிறாயா' என்று கேட்கும் சோதனை கூடப் போகவில்லை. கேட்டால் ரூட்டர் என்றார், பிறகு இன்டர்நெட் கம்பெனி என்றார், கடைசியில் "ஃபார்மட் பண்ணிட்டா சரியாயிருங்க சார்" என்றார். இந்த ஊரில் எந்த வியாதிக்கும் ஃபார்மட்தான் கஷாயம்.

சத்தம் போட்ட பிறகு சாயங்காலம் ஒரு தம்பியை அனுப்பினார்கள். ரூட்டர் பக்கமே போகாமல் கீபோர்டில் 'ஐபி ஏ' என்று, நெட்வொர்க் கார்டுகளைப் பட்டியல் போடும் கட்டளையைத் தட்டினார். லினக்ஸ் நெட்வொர்க் கார்டுக்கு அது உட்கார்ந்திருக்கும் பி.சி.ஐ. இடத்தை (போர்டில் கார்டு இணையும் இடம்) வைத்துப் பெயர் வைக்கும். பழைய போர்டில் 'இஎன்பி3எஸ்0' என்று இருந்தது புதுப் போர்டில் 'இஎன்பி4எஸ்0' ஆகிவிட்டது. செட்டிங் ஃபைலிலோ பழைய பெயர்தான். ஆக, நாம் கொடுத்து வைத்த ஐ.பி. முகவரி, இப்போது மெஷினில் இல்லாத ஒரு கார்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு எண்ணைத் திருத்தியதும் பிங் வந்துவிட்டது.

அதன் பிறகுதான் கூத்து. அக்கவுண்ட்ஸ் அக்கா அவுட்லுக்கைத் திறந்தால் இன்பாக்ஸ் காலி. பையர் அனுப்பிய பழைய ஆர்டர் மெயில் ஒன்றுகூட இல்லை. அந்தத் தம்பி பதறவில்லை. "அண்ணா, யாரும் மெயில் திறக்க வேண்டாம்னு சொல்லுங்ணா" என்று சொல்லிவிட்டு முதலில் போஸ்ட்ஃபிக்ஸையும் டவ்காட்டையும் நிறுத்தினார். புது மெயில் தப்பான இடத்தில் போய் விழக்கூடாது அல்லவா. விஷயம் இதுதான்: மெயில் டிஸ்க்கை யாரோ எப்போதோ 'எஸ்டிபி1' என்ற பெயரில் எஃப்எஸ்டேப் ஃபைலில் (பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்ற பட்டியல்) எழுதி, 'நோஃபெயில்', அதாவது டிஸ்க் கிடைக்காவிட்டாலும் நிற்காதே என்றும் சேர்த்திருக்கிறார்கள். பழைய பூட் டிஸ்க்கைக் கழற்றியதும் வரிசை மாறி அது 'எஸ்டிஏ1' ஆகிவிட்டது. டிஸ்க் மவுன்ட் ஆகவில்லை, அதாவது மெயில் ஃபோல்டரோடு இணையவில்லை. 'நோஃபெயில்' இருந்ததால் மெஷின் ஒரு சத்தமும் இல்லாமல் பூட் ஆகி, வெறும் ஃபோல்டரைக் காட்டியிருக்கிறது. 'பிஎல்கேஐடி' என்ற கட்டளை போட்டு டிஸ்க்கின் யூ.யூ.ஐ.டி.யை (அதற்கே உரிய அடையாள எண்) எடுத்து, பெயருக்குப் பதிலாக அதை எழுதினார். இனி எந்த போர்டில் எந்த போர்ட்டில் செருகினாலும் மாறாது. மெயில் எல்லாம் அப்படியே இருந்தது.

சர்வர் வேலை செய்யாமல் கிடந்த நேரத்தில் வர வேண்டிய மெயில்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. அனுப்பும் சர்வர்கள் உடனே கைவிடாது. போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 5 நாள் வரை திரும்பத் திரும்ப முயலும்.

சீனியர் சொன்னபடி ஃபார்மட்டுக்குத் தலையாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போடவே மனசு வரவில்லை.

ஐந்துக்கு மூன்று ஸ்டார் தருகிறேன். பார்ட்ஸ் மாற்ற தாராளமாகக் கொடுக்கலாம். சர்வர் என்றால், வெளியிலிருந்து ஒரு ஜிமெயில் அனுப்பி அது வந்து சேர்ந்து, பதிலும் போய்ச் சேர்ந்த பிறகு பில்லில் கையெழுத்துப் போடுங்கள். ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடச் சொல்லி இப்போது தினமும் போன் செய்கிறார்கள். அந்தத் தம்பியைத்தான் அனுப்புவோம் என்று எழுதிக் கொடுத்தால் போடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.