டிராவல்: யார் சொல்வது, எப்போது சொல்வது?

தட்டு எறிந்து ஆடும் அல்டிமேட் ஃபிரிஸ்பீயில் டிஸ்க்கை, அதாவது தட்டை, பிடித்தவர் வேகத்தைக் குறைத்து நின்று, ஒரு காலை ஊன்றி, அந்தக் காலை நகர்த்தாமல் எறிய வேண்டும். நகர்த்தினால் டிராவல். நடுவர் இல்லாத ஆட்டத்தில் அதைச் சொல்வது யார், எப்போது என்பதில்தான் சண்டை. பெசன்ட் நகர் கடற்கரையில் ஆடும் எங்கள் குழு மூன்று வழிகளையும் பார்த்துவிட்டது. நான் மூன்றாவதின் கட்சி.

முதலாவது, வெளியாள். அமெரிக்காவின் யூஎஃப்ஏ என்ற தொழில்முறை லீகில் நடுவர்களே இருக்கிறார்கள். எங்களுக்குக் கிடைத்தது கணுக்கால் சுளுக்கி உட்கார்ந்திருந்த நண்பர் ஒருவர்தான். பத்து நிமிடம் காலைப் பார்த்தார். பிறகு எல்லோரையும் போல டிஸ்க் பறப்பதைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். பயிற்சி பெற்றவர் நிச்சயம் மேலாகச் செய்வார். அப்படி ஒருவர் முன்னிலையில் நான் ஆடியதில்லை.

இரண்டாவது, சின்னச் சின்ன நகர்வுகளை விட்டுவிட்டு, கோல் விழும்போது மட்டும் சொல்வது. பார்க்கப் பெருந்தன்மை போல இருக்கும். நாங்களும் வெகுநாள் அப்படித்தான் ஆடினோம். ஒரு மாலை, எதிரணிக்காரர் ஃபோர்ஹேண்டுக்குச் சாய்ந்தபோது ஊன்றிய கால் குழியிலிருந்து வழுக்கி, மணலில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு விழுந்தது. டிஸ்க் நீளமாகப் போய் கோலானது. நான் டிராவல் என்றேன். அவர் கோட்டை மறுக்கவில்லை. "ஆரம்பத்திலிருந்து இப்படித்தானே எறிகிறேன், இப்போது மட்டும் ஏன்?" என்றார். என்னிடம் பதில் இல்லை. கோல் ரத்தாகி டிஸ்க் அவர் கைக்கே திரும்பியது. அந்த ஆட்டம் முடியும்வரை இரு பக்கமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாவது, முதல் நகர்விலேயே சொல்லிவிடுவது. இதில் விதியே நம் பக்கம் நிற்கிறது. இந்த விளையாட்டின் உலகக் கூட்டமைப்பின் (WFDF) விதிப்படி, எறிபவர் ஒப்புக்கொண்டால் ஆட்டம் நிற்பதில்லை. சொன்னவர் காட்டும் இடத்தில் காலை வைத்ததும், அவர் எறிவதற்குள்ள நொடிகளின் எண்ணிக்கை தொடரும். சில நொடிகள்தான் செலவு. அதே பிழையைக் கோலின்போது சொன்னால் ஒரு கோலே போகிறது. அந்த விலைக்கு யாரும் எளிதில் தலையாட்ட மாட்டார்கள். வாதம் முற்றுவது கால் நகர்ந்ததாலா, நேரம் தவறிச் சொன்னதாலா என்று கேட்டால், பெரும்பாலும் நேரம்தான் என்பேன். முதல் புள்ளியிலேயே இரண்டு முறை சிரித்தபடி சொல்லிவிட்டால், எறிபவர் தானாகவே காலைக் கவனிக்கத் தொடங்குகிறார்.

சொல்ல வேண்டியவர் மார்க் செய்பவர், அதாவது எறிபவரின் எதிரே நின்று தடுப்பவர், என்று நினைத்திருந்தோம். அவர் கண் டிஸ்க்கிலும் எறிபவரின் இடுப்பிலும் இருக்கும்; கால் தெரியாது. எதிரணியில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம் என்பதால், எறிபவருக்குப் பின்னால் பாஸ் வாங்க நிற்கும் ஹேண்ட்லரைத் தடுக்கும் எங்கள் ஆட்டக்காரரிடம் அந்த வேலையைக் கொடுத்தோம். மணலில் அவருக்குச் சாட்சியாகக் கோடு இருக்கும். புல்தரையில் அது இல்லை. அங்கே நான் ஆடியது கொஞ்சம்தான், இந்த ஏற்பாடு எடுபடுமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

புதிதாக வருபவர்களிடம் மட்டும் இந்த வழி பலிக்கவில்லை. தொடர்ந்து மூன்று முறை தன்னைப் பார்த்து டிராவல் என்று சொல்லக் கேட்ட ஒரு பெண், அதன் பிறகு டிஸ்க் கைக்கு வந்ததுமே பக்கத்தில் நிற்பவரிடம் தள்ளிவிடத் தொடங்கினார். இப்போது முதல் மாதம் முழுக்க அவர்களுக்கு ஆடுகளத்துக்கு வெளியேதான் சொல்கிறோம், தண்ணீர் குடிக்கும் நேரத்தில்.