சப்பத் தண்ணி ஊரில் கறை எடுக்கும் பாடு

வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கொட்டினால் எந்தக் கறையும் போகும் என்று காட்டுகிற வீடியோக்களில் பொங்கும் நுரையைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். அது வெறும் கரியமில வாயு. புளிப்பும் சோடாவும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது கறையோடு சண்டை போடத் தெம்பில்லாத ஒரு தண்ணீர். வீடியோவில் பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். இரண்டும் தனித்தனியாக நல்ல சரக்கு. எது எங்கே வேலை செய்யும் என்பதைப் பல வருடமாகப் புழங்கிப் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

முதலில் எங்கள் தண்ணீர் நிலவரம். அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவில் வீடு. குடிக்கவும் சமைக்கவும் பவானி ஆற்றுத் தண்ணீர் குழாயில் வரும், அதுவும் வருகிற அன்றைக்குத்தான். குளிக்க, துவைக்க, கழுவ எல்லாமே போர் தண்ணீர், எங்கள் பக்கத்தில் சப்பத் தண்ணி என்று சொல்கிற உப்புத் தண்ணீர். பாதிக் கறைக்கு அதுதான் காரணம். குழாய் மூக்கில் வெள்ளையாகக் கட்டுவது, டைல்ஸில் கோடு கோடாக இறங்குவது, பக்கெட்டின் உள்பக்கம் சொரசொரவென்று ஆவது எல்லாம் சுண்ணாம்புப் படிவம். இதைச் சோப்பு, சோடா, தேய்ப்பு எதுவும் அசைக்காது. புளிப்பு மட்டுமே கரைக்கும்.

எங்கள் வீட்டில் நிலையாக இருப்பது லெமன் சால்ட். மளிகைக் கடையில் பொட்டலமாகக் கிடைக்கும், சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் தருவார்கள். அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு ஸ்பூன் கரைத்து, டைல்ஸில் தெளித்து, பத்து நிமிடம் விட்டுத் தேய்த்தால் போதும். குழாய்க்கு, அதே கரைசலில் பழந்துணியை நனைத்துச் சுற்றி அரை மணி நேரம் விடுவேன். ராத்திரி முழுக்க விட்டால் குழாயின் பளபளப்புப் பூச்சு மங்கும். வினிகரும் இதே வேலையைச் செய்யும், ஆனால் பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் தண்ணீர்தான், அமிலம் நூற்றுக்கு நாலோ ஐந்தோ. விலைக்கும் வாடைக்கும் லெமன் சால்ட்டே மேல்.

ஆசிட் ஊற்றச் சொல்பவர்கள் இங்கே அதிகம். ஊற்றினால் பளிச்சென்று ஆவது உண்மைதான். கூடவே டைல்ஸ் இடுக்கில் இருக்கிற சிமெண்டும் கரையும், அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட்டோ வினிகரோ லெமன் சால்ட்டோ விழுவது. குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திய பாத்ரூமில் அது விளையாட்டல்ல.

புளிப்புக்கு ஆகாத இடம் இன்னொன்று கடப்பா கல். எங்கள் பழைய சமையலறை மேடையும் அலமாரிப் பலகையும் கடப்பாதான். அது சுண்ணாம்புக்கல் வகை. எலுமிச்சை மூடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறந்தால், வட்டமாக வெளிறிய தடம் விழும். அது அழுக்கு இல்லை, கல்லே அரித்துப்போன தடம், தேய்த்தால் போகாது. தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தடவினால் கண்ணுக்கு மறையும். கிரானைட்டில் இந்தத் தொல்லை குறைவு.

அலுமினியப் போசிக்கும் குக்கருக்கும் வருவோம். அரிசியும் பருப்பும் ஆக்கும் குக்கரின் உள்பக்கம் கறுத்துப்போவது அடியில் ஊற்றுகிற சப்பத் தண்ணியால்தான். சமையல் சோடா போட்டால் இன்னும் கறுக்கும், அடுப்புச் சாம்பலும் அப்படித்தான். பிழிந்து முடித்த எலுமிச்சைத் தோல், இல்லையென்றால் புளிச் சக்கை, தண்ணீரோடு போட்டுக் கொதிக்க விட்டால் வெளுக்கும். இட்லிப் பானையின் அடித் தண்ணீரில் எப்போதும் ஒரு எலுமிச்சைத் தோல் கிடக்கும், அதனால் கறுப்பே பிடிப்பதில்லை. செலவில்லாத வேலைகளில் நான் முழு மார்க் போடுவது இதற்குத்தான்.

பித்தளைக்குப் புளி என்பது எல்லோருக்கும் தெரியும். குத்துவிளக்கில் பலரும் விடுகிற இடம், எண்ணெய்ப் பிசுக்கை எடுக்காமல் நேராகப் புளியைப் பூசுவது. பிசுக்கின் மேல் புளி ஏறாது. முதலில் சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். எண்ணெய்க் குளியலுக்குக் கரைத்த அரப்பு இலைத்தூள் மீதியிருந்தால் அதுவே போதும், பச்சை மட்டும் ஒட்டாமல் கழுவிவிட வேண்டும். அப்புறம் புளியும் கல்லுப்பும். உடனே அலசித் துடைக்காவிட்டால் மறுநாளே திட்டுத் திட்டாகக் கறுக்கும். கடைசி அலசலுக்கு நான் ஆற்றுத் தண்ணீர்தான் எடுப்பேன், சப்பத் தண்ணி காய்ந்தால் வெள்ளைப் புள்ளி நிற்கும்.

துணிதான் பெரிய கதை. மாரியம்மன் நோம்பி, அதாவது கோயில் திருவிழா முடிந்து, ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றும் மஞ்சள் நீராட்டு நடந்தால், அடுத்த நாள் வீட்டில் வெள்ளை வேட்டி ஒன்றுகூட வெள்ளையாக இருக்காது. சோப்புப் போட்டதும் மஞ்சள் சிவப்பாக மாறும். பயப்பட ஒன்றுமில்லை. ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவக்கிறதே, அதே சங்கதி. சோப்பும் காரம்தான். அலசி முடிந்ததும் சிவப்பு இறங்கிப் பழைய மஞ்சளுக்கு வந்துவிடும். அந்த மஞ்சளைப் போக்குவது வெயில். "அம்மிணி, கசக்கிக் கசக்கித் துணியக் கிழிக்காத, ஈரத்தோட வெயில்ல போட்டு உடு" என்பார் மாமியார். மஞ்சளின் நிறப் பொருள் வெளிச்சத்தில் சிதைந்துவிடும் என்பது பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. சித்திரை வெயிலுக்கு ஒரே பகலில் பெரும்பகுதி போகும், மிச்சத்துக்கு மறுபடி நனைத்துப் போட வேண்டும். சாயத் துணியை இப்படி நாள் முழுக்கப் போட்டால் சாயமும் சேர்ந்து வெளுக்கும், அதற்கு இந்த வைத்தியம் வேண்டாம்.

வாழைக் கறை வேறு சாதி. தோட்டத்தில் தார் வெட்டுகிறவர்களின் சட்டையைப் பார்த்தாலே தெரியும், அது போகாது. பட்ட உடனே அலசினால் உண்டு. காய்ந்து பழுப்பேறிவிட்டால் எலுமிச்சை, உப்பு, மண்ணெண்ணெய் என்று யார் சொன்ன எதையும் நான் நம்புவதில்லை. வெள்ளைப் பருத்தித் துணி என்றால் பிளீச் கறையைக் கொஞ்சம் மங்கவைக்கும். இளநீர்க் கறையும் இதே ரகம். தோட்டத்துக்கென்று ஒரு பழைய சட்டை வைத்துக்கொள்வதும், வாழைப்பூ ஆயும் முன் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்வதும்தான் வழி.

வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் இருப்பதால் மெஷின் ஆயிலுக்குக் குறைவில்லை. இதில் முக்கியம், தண்ணீர் படும் முன் வைத்தியம் பார்ப்பது. கறையின் மேல் முகப் பவுடரைத் தூவி எண்ணெயை உறிஞ்சவிட்டு, தட்டிவிட்டு, பாத்திரம் கழுவும் லிக்விடை நேராக வைத்துத் தேய்த்து அப்புறம் துவைத்தால் பெரும்பாலும் போய்விடும். முதலில் ஊறவைத்துவிட்டால் வேலை இரட்டிப்பு. ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீரும் உப்பும், சுடுதண்ணீர் கூடவே கூடாது. கொடிக் கம்பியில் பட்ட துருவுக்கு எலுமிச்சையும் உப்பும் தடவி வெயிலில் வைப்பேன், பிளீச் துருவை எடுக்காது.

இது எதிலும் சேராத ஒன்று, துணி மொத்தமாகப் பழுப்பேறுவது. சப்பத் தண்ணியில் கட்டிச் சோப்பு நுரைக்காமல் திரிந்து, அந்தத் திரிவே நூலில் ஒட்டிக்கொள்கிறது. இங்கேதான் சோடாவுக்கு வேலை. சமையல் சோடா அல்ல, சலவைச் சோடா. தண்ணீரில் முதலில் அதைக் கரைத்து, பிறகு சோப்புப் போட்டால் நுரை எழும்புவது கண்ணெதிரே தெரியும். பட்டுக்கும் கம்பளிக்கும் இது ஆகாது. சிறுமுகைப் பட்டுச் சேலை மாதிரி லேசானதற்குப் பூந்திக்கொட்டையை ராத்திரி ஊறவைத்து, வடிகட்டிய தண்ணீரில் மெல்ல அலசி நிழலில் போடுகிறேன். சாயம் நிற்கிறதா என்று முந்தானை ஓரத்தில் சோதித்துவிட்டுத்தான்.

இப்போது எல்லோரும் கேட்கிற பயோ என்சைம், பழத் தோலைப் புளிக்கவைத்து வீட்டிலேயே செய்கிற துடைப்புத் தண்ணீர். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு ஆரஞ்சு அல்லது எலுமிச்சைத் தோல், பத்துப் பங்கு தண்ணீர், பிளாஸ்டிக் டப்பாவில் மூன்று மாதம். முதல் சில வாரம் மூடியைத் திறந்து காற்றை வெளியே விடாவிட்டால் டப்பா உப்பும். தரை துடைக்க நன்றாக இருக்கிறது, வாசமும் சுமார். ஆனால் இதன் பலமும் அதே புளிப்புதான், அதுவும் லெமன் சால்ட்டை விடச் சோதா. டைல்ஸ் படிவத்தை அசைக்கவே இல்லை. வெல்லத்தையும் மூன்று மாதத்தையும் கணக்குப் பார்த்தால் எனக்குக் கட்டுபடியாகவில்லை. கையிருப்பு தீர்ந்ததும் இன்னொரு முறை போடுவதாக இல்லை, தோல் இட்லிப் பானைக்குப் போக மிச்சம் குப்பைக் குழிக்கே போகட்டும்.