டேபிளா, ஃப்ளெக்ஸா, கிரிட்டா? ஒரு குளங்கள் பக்கத்தை வைத்து ஓர் அலசல்

கிளிநொச்சியில் உயர்தரத்துக்கு ஐ.சி.டி. (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) படிக்கும் மாணவி ஒருத்தி வன்னிக் குளங்களைப் பற்றி ஓர் இணையப் பக்கம் எழுதியிருக்கிறாள். மேலே தலைப்பு, இடப்பக்கம் மெனு, நடுவில் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், பாவற்குளம், கட்டுக்கரை என்று குளத்துக்கொரு படமும் குறிப்பும். கணினியில் பார்க்க நன்றாகவே இருக்கிறது. போனில் திறந்தால் பொடி எழுத்து. விரலால் இழுத்துப் பெரிதாக்கித்தான் வாசிக்க வேண்டும்.

இதற்கு முதல் காரணம், திரையின் அகலத்துக்கேற்பக் காட்டு என்று உலாவிக்குச் சொல்லும் வ்யூபோர்ட் மெட்டா வரி இல்லாதது. அது இல்லாவிட்டால் போன் உலாவிகள் பொதுவாகப் பக்கத்தை 980 பிக்சல் அகலமாக எண்ணி, சிறு திரைக்குள் சுருக்கிவிடும். எந்த முறையில் கட்டினாலும் இந்த வரி வேண்டும். சரி, இனி பக்கத்தின் பகுதிகளை அடுக்கும் முறைகளுக்கு வருவோம்.

அவள் பக்கம் முழுவதையும் டேபிளுக்குள் அடைத்திருக்கிறாள். தொடக்கத்தில் பலரும் இப்படித்தான் செய்வார்கள். வரிசையும் நிரலும் உடனே புரியும். ஆனால் அவளுடைய முதல் வரிசையில் இரண்டு குளங்களின் பெயர்கள், அடுத்த வரிசையில் இரண்டு படங்கள், அதற்கடுத்து இரண்டு குறிப்புகள். கண்ணால் மேலிருந்து கீழே பார்ப்பவருக்குச் சிக்கலில்லை. பார்வையற்றவருக்குப் பக்கத்தைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பானோ வரிசை வரிசையாகப் படிக்கும்: "இரணைமடு, முத்தையன்கட்டு", பிறகு படம், படம், பிறகு இரண்டு பந்திகள். எந்தப் பந்தி எந்தக் குளத்துக்கு என்று கேட்பவர் எப்படி அறிவார்? போரில் பார்வையை இழந்தவர்கள் வாழும் மண் இது. இங்கே எழுதப்படும் ஒரு பக்கம் காதுக்கும் ஒழுங்காகக் கேட்க வேண்டும்.

டேபிளை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. குளம், மாவட்டம், கொள்ளளவு என்று உண்மையிலேயே அட்டவணையாக இருக்கும் தகவலுக்கு அதுதான் சரி; தலைப்புக் கலங்களை டிஎச் என்ற எச்டிஎம்எல் குறியால் குறித்தால் போதும். பக்கத்தின் எலும்புக்கூடாக மட்டும் வேண்டாம்.

ஒன்றை ஓரமாக ஒதுக்கி வைக்கும் ஃப்ளோட்டைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. படத்தைச் சுற்றி எழுத்து ஓட வேண்டுமானால் பயன்படுத்துங்கள், மற்றபடி விடுங்கள். ஆயத்த ஸ்டைல் தொகுப்பான பூட்ஸ்டிராப்பும் இப்போதைக்கு வேண்டாம். அது நல்ல கருவிதான், ஆனால் ஐந்து குளங்களுக்காகப் பெரியதொரு ஸ்டைல் கோப்பை ஒவ்வொருவர் டேட்டாவிலும் இறக்க வேண்டியதில்லை. அடிப்படை தெரிந்த பிறகு போனால் அதுவும் எளிதாக இருக்கும்.

உண்மையான போட்டி, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியின் இரண்டு அடுக்கும் முறைகளான ஃப்ளெக்ஸ்பாக்ஸுக்கும் (சுருக்கமாக ஃப்ளெக்ஸ்) கிரிட்டுக்கும்தான். ஒரே திசையில் ஓடுவதற்கு ஃப்ளெக்ஸ்: மெனு, பொத்தான் வரிசை போன்றவை. குளக் கார்டுகளை, அதாவது படமும் குறிப்பும் சேர்ந்த பெட்டிகளை, அதில் போட்டால், வரிசைக்கு மூன்று என்று மடங்கும்போது கடைசி வரிசையில் மிஞ்சும் இரண்டும், வளர விட்டிருந்தால், அகலமாக நீண்டுவிடும். மேலுள்ளவற்றோடு நேர்கோட்டில் நிற்காது. கிரிட் வரிசை, நிரல் இரண்டையும் சேர்த்தே பார்க்கும். ரிப்பீட், ஆட்டோ-ஃபிட், மின்மேக்ஸ், குறைந்தது 16 ரெம் (பக்கத்தின் அடிப்படை எழுத்தளவைப் போல் 16 மடங்கு) என்று ஒரு வரி எழுதினால், கணினியில் இடத்துக்கேற்ப மூன்று நான்கு நிரல், போனில் ஒன்று என்று தானாக மாறும். குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் 2017 மார்ச்சிலேயே கிரிட் வந்துவிட்டது. பழைய போன் என்ற தயக்கமும் அவ்வளவாகத் தேவையில்லை. மெனுவுக்கு ஃப்ளெக்ஸ், கார்டுகளுக்கு கிரிட் என்பது என் முடிவு.

ஆனால் இரண்டுக்கும் பொதுவான ஒரு பொறி உண்டு. குறிமுறையில் (கோட்) கடைசியில் இருப்பதைத் திரையில் முதலில் காட்ட முடியும். கண்ணுக்குத்தான் இடம் மாறும். டேப் விசையும் திரைவாசிப்பானும் குறிமுறையில் எழுதிய வரிசையிலேயே போகும். அதனால் முதலில் வாய்விட்டு வாசித்தால் பொருள் வரும் ஒழுங்கில் பக்கத்தை எழுதி முடிக்க வேண்டும். அப்புறம்தான் சிஎஸ்எஸ்.

தமிழுக்கென்று ஒரு தலையிடியும் இருக்கிறது. "புதுக்குடியிருப்பு" என்ற சொல்லை 100 பிக்சல் அகலப் பொத்தானுக்குள் போட்டுப் பாருங்கள், வெளியே வழியும். அகலத்தைக் கட்டிப்போடாமல் உள்ளே இடைவெளி விட்டால் பொத்தான் சொல்லுக்கேற்ப விரியும். வரி உயரத்தையும் 1.6 அளவுக்குக் கூட்டினால் மேல் வளைவும் கீழ்ச் சுழியும் ஒன்றோடொன்று முட்டாது.

பொத்தான்களை அவள் டிவ் என்ற வெறும் பெட்டிக் குறியால் செய்து, சொடுக்கினால் இயங்கும் ஆன்கிளிக்கை மாட்டியிருக்கிறாள். மவுஸ் பிடிக்க முடியாமல் விசைப்பலகையை நம்பியிருப்பவருக்கு அது இருந்தும் இல்லாததுதான்: டேப் அங்கே நிற்காது, என்டர் வேலை செய்யாது. டிவ்வுக்கு ரோல் (இது பொத்தான் என்று சொல்வது), டேப்இண்டெக்ஸ் (டேப் நிற்கச் செய்வது), விசைக்கான ஸ்கிரிப்ட் என்று ஒவ்வொன்றாக ஒட்டலாம். பட்டன் என்று எழுதினால் அத்தனையும் இலவசம். இதில் யோசிக்க எதுவுமில்லை. அதேபோல பக்கத்தின் மொழியைக் குறிக்கும் லாங் என்ற இடத்தில் மாதிரிக் கோப்பிலிருந்து வந்த 'இஎன்' அப்படியே இருந்தால், ஆங்கிலக் குரல் தமிழைப் படிக்கப் பார்க்கும். 'டிஏ' என்று மாற்றி, இலவசமாகக் கிடைக்கும் திரைவாசிப்பானான என்விடிஏவில் ஒருமுறை கேட்டால் வித்தியாசம் புரியும். வெள்ளையில் வெளிர்பச்சை எழுத்தையும் மாற்ற வேண்டும். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடாவது வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல் வழிகாட்டி.

கடைசியாக, பக்கத்தின் உச்சியில் இருக்கும் அறிவித்தல். குளத்தின் வான்கதவு திறக்கும் செய்தியை அவள் அழகாக வடிவமைத்துப் படமாகப் போட்டிருக்கிறாள். ஊரில் பல அறிவித்தல்கள் இப்படித்தான் வருகின்றன. மாரியில் சிக்னல் மங்கிய நேரத்தில் படம் இறங்காது. படத்துக்கு மாற்றாக எழுதும் ஆல்ட் எழுத்தும் இல்லாததால் திரைவாசிப்பான் கோப்பின் பெயரைத்தான் சொல்லும், அல்லது பேசாமல் கடந்துவிடும். அதே மூன்று வரியை எழுத்தாகவே தட்டினால் எந்த போனிலும் உடனே வரும், பெரிதாக்கலாம், காதால் கேட்கலாம், நகலெடுத்துக் குளத்துக்குக் கீழே இருக்கும் உறவினருக்கு அனுப்பலாம்.