அல்சூரில் தம்பிக்கு ஒரு வீடு: ஐந்து மாத அனுபவம்

என் தம்பிக்கு 41 வயது, டவுன் சிண்ட்ரோம்; பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குறைவு. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆன பிறகு அவனைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. முதலில் பெங்களூரில் கனகபுரா சாலைப் பக்கம் ஒரு காப்பகத்தில் சேர்த்தோம்.

சுத்தமான இடம், இரவில் நர்ஸ் உண்டு. ஆனால் முப்பது பேருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு, எட்டரைக்கு விளக்கு அணைந்துவிடும், போன் ஞாயிறு மட்டும். மூன்றாவது மாதம் நான் போனபோது, தண்ணீர் குடிக்கக்கூட ஆயாவின் முகத்தைப் பார்த்தான். வீட்டில் தானே டிகாக்‌ஷன் இறக்குகிறவன். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அழுதுவிட்டேன்.

இப்போது அல்சூரில், ஓர் அமைப்பு எடுத்து நடத்தும் வாடகை வீட்டில் இருக்கிறான். மூன்று ஆண்கள், ஆளுக்கொரு அறை. பகலுக்கு ஒரு உதவியாளர், இரவில் தங்க இன்னொருவர். வாசல் சாவி ஒன்று இவனிடமே இருக்கிறது. சோமேஸ்வரர் கோயிலுக்குப் போகிறான், தள்ளுவண்டிக்காரரிடம் கன்னடத்தில் பேசிக் கீரை வாங்குகிறான்.

குறையும் உண்டு. உதவியாளர் இரண்டு முறை மாறினார். மாறிய வாரத்தில் தைராய்டு மாத்திரை நான்கு நாள் விட்டுப்போனது. நான் கேட்ட பிறகுதான் அவர்களுக்கே தெரிந்தது. அப்புறம் கிழமை எழுதிய மாத்திரை டப்பா வாங்கிக் கொடுத்தேன். செலவும் காப்பகத்தைவிட அதிகம். இவனைப் போன்றவர்களுக்கு மத்திய அரசின் நேஷனல் டிரஸ்ட் தரும் நிராமயா காப்பீடு ஒரு லட்சம் வரை மருத்துவத்துக்குத்தான், வாடகைக்கு உதவாது.

என் பெரிய கவலை வேறு. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு நாற்பதைத் தாண்டினால் அல்சைமர் என்ற மறதி நோய் வரும் வாய்ப்பு அதிகம். அப்போதும் வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். "கூடுதல் ஆள் போட்டுப் பார்ப்போம், எழுதித் தர முடியாதும்மா" என்றார் பொறுப்பாளர். நேர்மையான பதில்தான், ஆனாலும் அன்று தூக்கம் வரவில்லை. இரவில் வலிப்பு வருகிறவர் என்றால் நர்ஸ் உள்ள காப்பகத்தையே நான் சொல்வேன்.

மாற்றுத்திறனாளி இன்ன இடத்தில்தான் வாழ வேண்டும் என்ற கட்டாயம் கூடாது என்கிறது 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு. படித்தபோது சுருக்கென்றது. காப்பகத்தில் சேர்க்கும் முன் அவனை யாரும் கேட்கவில்லை, நானும்தான். இந்த முறை இரண்டு நாள் தங்கவைத்துக் கேட்டோம். "ஜன்னல் பக்கம் கட்டில் வேணும்" என்றான். போட்டுக் கொடுத்தார்கள்.

போன ஞாயிறு அவனே கதவைத் திறந்து, "உட்காருக்கா, காபி போடறேன்" என்றான். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.