அண்ணாமலையும் விஐடியும்: பட்டம் தரும் உரிமைக்கு இரண்டு வழிகள்

ஒரு தனியார் பல்கலைக்கழகம் எப்படி வளர்ந்தது என்று பார்க்கிறவர்கள் ஏக்கரையும் கட்டடங்களையும் எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பட்டம் தரும் உரிமை அதற்கு எந்தச் சட்டத்தால் வந்தது? தமிழ்நாட்டில் இதை விளங்கிக்கொள்ள சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் வேலூர் விஐடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே நல்ல வழி.

1920-ல் ராஜா சர் அண்ணாமலை செட்டியார் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அது வளர்ந்து 1929-ல் பல்கலைக்கழகமானது, அதுவும் தனக்கென்றே இயற்றப்பட்ட தனிச் சட்டத்தின் மூலம். பணம் நிறுவனருடையது, சட்டம் சென்னை மாகாண அரசுடையது. இணைவேந்தர் பதவியும் நிர்வாகத்தில் பெரும்பிடியும் நிறுவனர் குடும்பத்துக்கு, ஆண்டு மானியம் அரசிடமிருந்து. தனியாரும் அரசும் கலந்த இந்த அமைப்புதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் திறவுகோல்.

விஐடி வந்த பாதை வேறு. 1984-ல் ஜி. விசுவநாதன் தொடங்கிய வேலூர் பொறியியல் கல்லூரி 180 மாணவர்களோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரியாக இயங்கியது. பாடத்திட்டம், வினாத்தாள், பட்டம் எல்லாம் இணைப்பளித்த பல்கலைக்கழகத்தின் கையில். 2001-ல் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டம் 1956-ன் 3-வது பிரிவின் கீழ் நிகர்நிலைத் தகுதி, அதாவது பல்கலைக்கழகம் போலத் தானே பட்டம் தரும் தகுதி, கிடைத்ததும் அந்தக் கட்டு அறுந்தது. அதே ஆண்டில் அதே தகுதியைப் பெற்ற தஞ்சை சாஸ்த்ராவும் 1984-ல் கல்லூரியாகத் தொடங்கியதுதான்.

வேகத்தில் நிகர்நிலை வழிதான் முந்துகிறது. தன்னாட்சி பெறாத அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரியில் 2013, 2017, 2021 என நான்காண்டுக்கு ஒருமுறை புது விதிமுறை வந்தால்தான் பாடம் பெரிய அளவில் மாறும். நிகர்நிலை நிறுவனத்தில் கல்விக்குழு கூடி முடிவெடுத்தால் அடுத்த பருவத்திலேயே புதுப் பாடம் வகுப்பறைக்கு வந்துவிடும். மாணவரே பாடத்தையும் ஆசிரியரையும் நேரத்தையும் தேர்ந்தெடுக்கும் விஐடியின் முறை, அப்படிப்பட்ட இணைப்புக் கல்லூரி ஒன்றில் கனவிலும் நடக்காது.

ஆனால் இந்த வேகத்துக்கு மாணவர் ஒரு விலை கொடுக்கிறார். சிறுபான்மை அல்லாத தனியார் இணைப்புக் கல்லூரி 65 விழுக்காடு இடங்களை அரசு கவுன்சலிங்குக்குத் தர வேண்டும். கட்டணத்தை அரசுக் குழு நிர்ணயிக்கும். அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் அந்த இடங்களில் உண்டு. நிகர்நிலை நிறுவனத்தின் பொறியியல் இடங்கள் இந்த வலைக்குள் வருவதில்லை. முதல் தலைமுறைப் பட்டதாரி சலுகையை நம்பியிருக்கும் குடும்பம் இதை விண்ணப்பம் போடும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். சேர்ந்த பின் தெரிந்து பயனில்லை.

அண்ணாமலை சறுக்கியது வேறிடத்தில். 1979-ல் தொடங்கிய தொலைநிலைக் கல்வி நாடெங்கும் பரவி வருவாயைக் கொட்டியது. அந்த வருவாயை நம்பி ஆள் சேர்த்துக்கொண்டே போனதில் ஊழியர் எண்ணிக்கை 12,000-ஐத் தாண்டியது. மாறக்கூடிய வருவாயின் மேல் மாறாத சம்பளச் செலவை ஏற்றியதுதான் அடிப்படைப் பிழை. 2012-ல் நெருக்கடி வெடித்தது. 2013-ல் அரசு நிர்வாகியை நியமித்து, புதுச் சட்டம் இயற்றிப் பல்கலைக்கழகத்தைத் தன்வசம் எடுத்துக்கொண்டது. உபரி ஆசிரியர்கள் அரசுக் கல்லூரிகளுக்கும், ஊழியர்கள் பிற துறைகளுக்கும் அனுப்பப்பட்டார்கள்.

எங்கள் பார்வையில், இந்த ஒப்பீட்டில் அதிகம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். மாநிலச் சட்டத்தால் பிறந்ததால் அண்ணாமலை விழுந்தபோது அரசு மாநிலச் சட்டத்தின் வழியே உள்ளே வர முடிந்தது. அறக்கட்டளையின் கையில் இருக்கும் நிகர்நிலை நிறுவனம் நொடித்தால் அப்படித் தாங்கிப் பிடிக்கத் தயாராக ஒரு கை இல்லை. 2009-ல் மத்திய அரசு அமைத்த டாண்டன் குழு 44 நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களைத் தகுதியற்றவை என்றபோது, அவற்றில் 16 தமிழ்நாட்டில் இருந்தன. அதையொட்டி உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நீண்ட காலமெல்லாம் மாணவர்கள் பட்டம் செல்லுமா என்ற பதைப்போடு படித்தார்கள்.

மூன்றாவது வழி, மாநிலத் தனியார் பல்கலைக்கழகச் சட்டம். 2018-ல் தனிச் சட்டம் பெற்ற சென்னை சிவ் நாடார் பல்கலைக்கழகம் இந்த வகை. இதிலும் பழைய எச்சரிக்கை உண்டு: சத்தீஸ்கரின் 2002 சட்டம் நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களைக் காகிதத்திலேயே பிறக்க விட்டது, 2005-ல் கல்வியாளர் யஷ்பால் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுகளை ரத்து செய்தது.

சேரும் முன் செய்ய வேண்டியது இது. யுஜிசி பட்டியலில் நிறுவனம் எந்த வகையில் இருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் சேரும் வளாகத்தின் பெயர் அங்கே இருக்கிறதா என்பதையும் தனியே பாருங்கள். விஐடி சென்னை, வேலூரின் வளாகம்; ஆனால் போபாலும் அமராவதியும் அந்தந்த மாநிலச் சட்டத்தின் கீழ் வரும் தனிப் பல்கலைக்கழகங்கள், பட்டமும் அவற்றின் பெயரில்தான். தொலைநிலைப் படிப்பானால் நீங்கள் சேரும் குறிப்பிட்ட ஆண்டுக்கு, குறிப்பிட்ட பாடத்துக்கு ஒப்புதல் இருக்க வேண்டும். நான்கு நிகர்நிலை நிறுவனங்கள் ஒப்புதலின்றித் தொலைநிலையில் தந்த பொறியியல் பட்டங்களை 2017-ல் உச்ச நீதிமன்றம் முடக்கியது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள், வேலையில் பல ஆண்டுகள் இருந்த பிறகும், பட்டத்தைக் காக்க மறுபடி தேர்வெழுத வேண்டியதாயிற்று.